பால் என்பது ஒரு பகுப்பு: ஆரியசாலைத் தெருவிலிருந்து சில வரலாற்றுக் குறிப்புகள்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவில் ஆரியசாலைப் பகுதி நெடுங்காலமாக இருமொழிப் பகுதி. கடைக்கு ஒருவர் வந்துபோன செய்தியை வணிகர் மலையாளத்தில் கூறினால் ‘வந்நு’ என்று முடித்துவிடலாம். அதே செய்தியைத் தமிழில் கூறும்போது ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வந்தவர் ஒருவரே; வந்த நிகழ்வும் ஒன்றே. ஒரு மொழியின் வினைமுற்று அவருடைய பாலைக் கேட்கிறது. மற்றொன்றின் வினைமுற்று கேட்பதில்லை.

பாலினப் பன்மை குறித்து மாணவர்களிடையே பேசும்போதெல்லாம் எழும் முதல் வினா, ‘அவர்கள் ஆணா, பெண்ணா?’ என்பதே. அந்த வினாவின் ஒரு பகுதி நம் வினைமுற்றுக்குள்ளேயே இருக்கிறது. விகுதிக்கு விடை தேவைப்படுகிறது. ஆகவே நமக்கும் தேவைப்படுவதாக எண்ணிக்கொள்கிறோம். இவ்வினாவின் வரலாற்றை, ஆரியசாலையையும் அதனைச் சூழ்ந்த பழைய திருவிதாங்கூர் நிலத்தையும் சான்றாக வைத்து, அன்றாட வாழ்வின் ஒப்புமைகள் சிலவற்றின் துணையுடன் இங்கே தொகுத்துக் காண முயல்கிறேன்.

மலையாளமும் தொடக்கத்தில் இவ்விகுதிகளைக் கொண்டிருந்த மொழிதான். பழைய நூல்களில் அவை காணப்படுகின்றன; பின்னர் வழக்கொழிந்தன. திருவனந்தபுரத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய ஏ. ஆர். ராஜராஜவர்மா, தம் ‘கேரளபாணினீயம்’ நூலில் மலையாளம் தனித்தன்மை பெற்றதற்கான ஆறு நயங்களுள் ஒன்றாகப் ‘புருஷபேத நிராசம்’ என்பதைக் குறிப்பிடுகிறார். வினையிலிருந்து திணை, பால், எண், இட விகுதிகள் நீங்கியதையே அத்தொடர் சுட்டுகிறது. இதனால் மலையாளிகள் பால் வேறுபாட்டை மறந்துவிட்டனர் என்று யாரும் முடிவு செய்யமாட்டார்கள். அவன், அவள் என்னும் சுட்டுப்பெயர்கள் அங்கும் உள்ளன. ஆனால் ஒவ்வொரு வினையிலும் பாலைச் சொல்லியே தீரவேண்டும் என்பது மொழியின் ஓர் ஏற்பாடு மட்டுமே என்பதும், அந்த ஏற்பாடு காலத்தில் மாறக்கூடியது என்பதும் இதனால் விளங்கும்.

தமிழில் ‘பால்’ என்னும் சொல்லின் பொருளே பகுப்பு, கூறு என்பதுதான். உலகைப் புரிந்துகொள்ள மனிதர் செய்துகொண்ட பகுப்பு அது. பகுப்பு என்றால் அதற்குள் அடங்காதவையும் இருக்கும் என்பதை நம் இலக்கணிகள் அறிந்திருந்தனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, கிளவியாக்கத்தில், இதனை எதிர்கொள்கிறார். ஆண்மையினின்று திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென ஈறு இல்லை. உயர்திணைக்குரிய பால் ஈறுகளையே அவை பெற்று வழங்கும் என்கிறார். அதே நூற்பாவில், அதே நிலையில் வைத்து அவர் கூறும் மற்றொரு வகை, தெய்வத்தைக் குறிக்கும் பெயர்கள். பின்வரும் மற்றொரு நூற்பாவில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர் ஆண்பால் விகுதியை ஏற்பதில்லை என்றும் தெளிவுபடுத்துகிறார். ஆகவே உரையாசிரியர்கள் பேடி என்னும் பெயருக்குப் பெண்பால் முடிபையும் பலர்பால் முடிபையும் எடுத்துக்காட்டினர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் நன்னூல் ஒரு படி மேலே செல்கிறது. தொல்காப்பியம் ஆண்மை நீங்கியோரை மட்டுமே பேசியது. பவணந்தி முனிவர் இரு திசைகளையும் கண்டார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்று பெயரியலில் வகுத்தார். இன்று திருநம்பி என்றும் திருநங்கை என்றும் நாம் வழங்கும் இரு சாராரையும் ஒரே நூற்பா தனித்தனியே அடையாளம் கண்டுள்ளது. இங்கே நம் கவனத்திற்குரியது, பாலைத் தீர்மானிக்க நன்னூலார் எடுத்துக்கொண்ட அளவுகோல். பிறப்பில் எவ்வாறு இருந்தார் என்பது அவருக்கு விடையன்று; எதை அவாவுகிறார் என்பதே விடை. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையை ஏற்றபோது கூறியதும் இந்தத் திசையில் அமைந்ததுதான். நன்னூலார் மனித உரிமை பேசினார் என்று சொன்னால் அது காலவழு. அவர் வழக்கை உற்றுநோக்கிய இலக்கணி. ஆனால் அவர் காலத்து வழக்கிலேயே, ஒருவர் எதை நோக்கிச் செல்கிறாரோ அதனைக்கொண்டு அவரைக் குறிக்கும் மரபு இருந்திருக்கிறது என்பது வரலாற்றுச் செய்தி.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அதே நூற்பாவின் இறுதியில், இவ்விரு சாராரும் அஃறிணை போலவும் வழங்கப்படுவர் என்கிறார் பவணந்தியார். அவர்களது விருப்பத்தைக் குறிக்க அவர் பயன்படுத்தும் ‘அவாவுவ’ என்னும் சொல்லே அஃறிணைப் பன்மை வடிவம்தான். தொல்காப்பியத்தில் தெய்வத்தோடு ஒருங்கு வைக்கப்பட்டவர்கள் நன்னூலில் ‘அது’ என்றும் சுட்டப்படக்கூடியவர்களாகிறார்கள். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் புகார் நகரத் தெருவில் ஆடும் பேடியைச் சூழ்ந்து நின்று மக்கள் வேடிக்கை பார்க்கும் காட்சி ஒன்றுண்டு. தெருவில் அவர்களுக்கு இடம் இருந்தது. பார்க்கப்படும் பொருளாக இருந்தது. அறிந்திருத்தலும் மதித்தலும் ஒன்றல்ல என்பதற்குத் தமிழ் மரபே சான்று.

இனி அளவையின் ஒப்புமைக்கு வருவோம். கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய கடைத்தெரு இது. இங்கே தானியம் அளக்கப்பட்டது நாழியாலும் இடங்கழியாலும் பறையாலும். நான்கு நாழி ஓர் இடங்கழி. பத்து இடங்கழி ஒரு பறை. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பின்னர் கிலோவும் லிட்டரும் வந்தன. அளவை மாறியதால் நெல் மாறவில்லை. ஒரு நாழிக்கு மேலும் இரு நாழிக்குக் கீழும் நிற்கும் நெல்லைக் குறைபாடுள்ள நெல் என்று எந்த வணிகரும் சொன்னதில்லை. சிறிய அளவை ஒன்றைக் கொண்டுவரச் சொல்வார். ஆண், பெண் என்னும் இரண்டு அளவைகளில் அடங்காத மனிதரைப் பார்த்ததும் நாம் செய்வது இதற்கு நேர்மாறானது. அளவையைச் சரியென்று வைத்துக்கொண்டு மனிதரைப் பிழையென்கிறோம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் ஆண், பெண் அல்லாத ‘பிறர்’ என்னும் பகுப்பு தனியே இடம்பெற்றது. அதில் நாடு முழுவதும் பதிவானோர் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364; கேரளத்தில் 3,902. இரு மாநில மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டின் விகிதம் கேரளத்தினதைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. களியக்காவிளையைக் கடந்ததும் மனித இயல்பு மாறிவிடுமா? தமிழ்நாட்டில் திருநங்கையர்க்கான நலவாரியம் 2008 ஏப்ரலில் அமைந்தது. அதற்கு முன்பே கூவாகம் போன்ற கூடுகைகளும் குழு வாழ்க்கையும் அவர்களைக் கண்ணுக்குத் தெரிபவர்களாக ஆக்கியிருந்தன. கேரளத்தில் அன்று அத்தகைய அமைப்பு இல்லை. ஆகவே அவ்வெண்கள் மனிதரின் எண்ணிக்கையைக் காட்டுவதைவிட, கணக்கெடுப்பவர் முன் தம்மை வெளிப்படுத்திக்கொள்வதற்கு இருந்த துணிவின் அளவைக் காட்டுகின்றன என்று கொள்வதே பொருந்தும்.

‘இயற்கைக்கு மாறானது’ என்னும் வாதத்திற்கும் இத்தெருவிலேயே விடையுண்டு. நூறாண்டுகளுக்கு முன்னர் திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டின் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. பக்கத்து நாயர் தறவாட்டில் அது தாய்வழியே இறங்கி, நிருவாகம் மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது. நாஞ்சில்நாட்டு வேளாளரும் மருமக்கள்வழியினரே. அம்முறையின் கேடுகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ நூலில் எள்ளி எழுதினார். 1920களின் நடுவில் நாயர் சட்டமும் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டமும் அம்முறையைத் தளர்த்தின. தந்தை குடும்பத் தலைவனாக இருப்பதே இயற்கை என்று ஒரு வீட்டார் நம்பினர். மாமன் தலைவனாக இருப்பதே இயற்கை என்று அடுத்த வீட்டார் நம்பினர். இருவரும் ஒரே கடையில் அரிசி வாங்கினர். இயற்கை என்று நாம் பெயரிடுவதில் எத்தனை பங்கு பழக்கம் என்பதற்கு இதைவிட அண்மைச் சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது உடை. ஒருவர் எதை உடுத்தலாம் என்பதை அரசும் சாதியும் முடிவு செய்த நிலம் இது. திருவிதாங்கூரின் தென்பகுதியில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1822 முதல் 1859 வரை நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை இங்கு நினைவூட்டத் தேவையில்லை. 1859 ஜூலை 26 அன்று வெளியான அரசாணை மேலாடைக்கு அனுமதி அளித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்னும் வரம்பையும் அதே ஆணை விதித்தது. ஒரு துணி, உடுத்தியவர் யார் என்பதைப் பொறுத்துக் குற்றமாயிற்று. அதே மண்ணில் 1893இல் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுவழியே சென்றபோது, வண்டி உருண்டது புலயர் சமூகத்தவர்க்கு அன்று மறுக்கப்பட்டிருந்த பாதையில். சாதிக் கொடுமையையும் பாலின ஒடுக்குமுறையையும் ஒன்றாக்கிவிட முடியாது. அவற்றின் பொருளியல் அடித்தளமும் வரலாறும் வெவ்வேறு. ஆயினும் பொதுத்தெருவில் எவர் எந்தக் கோலத்தில் நடக்கலாம் என்னும் வினா இரண்டிற்கும் பொதுவானது. நால்சா தீர்ப்பு, உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் ஒருவர் தம் பாலினத்தை வெளிப்படுத்துவதை அரசமைப்பின் 19ஆம் உறுப்பு அளிக்கும் கருத்து வெளிப்பாட்டு உரிமைக்குள் வைத்தது. தோள்சீலை வரலாற்றை அறிந்தவர்க்கு அத்தீர்ப்பின் இப்பகுதி புதுமையாகத் தோன்றாது.

உடையைப் பற்றிப் பேசுகையில் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் கருத்தில் கொள்ளவேண்டும். கொல்லம் மாவட்டம் சவறையை அடுத்த கொற்றங்குளங்கரை தேவி கோவிலில், மீன மாதத்தில் நிகழும் சமயவிளக்கில் ஆண்கள் பெண்கோலம் பூண்டு விளக்கேந்துகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நேர்ச்சையாக அதனைச் செய்பவர்கள். மறுநாள் தம் இயல்பான உடைக்குத் திரும்புபவர்கள். திருநங்கையரும் அங்கே வருகின்றனர். ஒரே இரவில், ஒரே விளக்கொளியில், ஒருவர்க்கு அது வேடம். இன்னொருவர்க்கு அது தம்மைத் தாமாகவே பிறர் காணும் அரிய வாய்ப்பு. புறக்கோலத்தைக்கொண்டு மட்டும் அகஅடையாளத்தை முடிவு செய்ய முடியாது என்பதை இது உணர்த்தும்.

பெயர்களின் வரலாறும் இத்தகையதே. சாலை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஆரியசாலையை அடுத்துள்ள வலியசாலைப் பகுதியைச் சோழர் கல்வெட்டுகள் குறிக்கும் காந்தளூர்ச் சாலையோடு ஆய்வாளர் பலர் தொடர்புபடுத்துவர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் பார்த்திவசேகரபுரத்தில் 95 சட்டர்க்காகச் சாலை ஒன்றை நிறுவியபோது காந்தளூர் முறைமையையே பின்பற்றினான். அன்று சாலை என்றால் கல்விக்கூடம். இன்று சாலை என்றால் வாகனம் செல்லும் வழி, திருவனந்தபுரத்தார்க்கோ கடைத்தெரு. ஊரின் பெயரும் ஆங்கிலேயர் நாவிற்கேற்ப ‘டிரிவான்ட்ரம்’ என்று வழங்கி, 1991இல் திருவனந்தபுரம் என்றே மீண்டது. பழைய பெயரில் பழகியவர்கள் சில காலம் தடுமாறினர்; பின்னர் பழகிக்கொண்டனர். ஒரு நகரம் தன் பெயரால் அழைக்கப்படுவதற்கு நாம் காட்டிய அந்தச் சிறு பொறுமையை, ஒரு மாணவர் தாம் தேர்ந்த பெயரால் அழைக்கப்படுவதற்குக் காட்ட இயலாதா?

அலி, பேடி என்னும் பழஞ்சொற்கள் காலப்போக்கில் வசையாயின. கூத்தாண்டவர் வழிபாட்டின் அரவானைத் தழுவி ‘அரவாணி’ என்னும் சொல் வந்தது. பின்னர் ‘திருநங்கை’ நிலைபெற்றது. அதன் இணையாகத் ‘திருநம்பி’யும், இருசாராரையும் உள்ளடக்கத் ‘திருநர்’ என்னும் பொதுச்சொல்லும் வழக்கிற்கு வந்தன. நங்கை என்பது பெண்டிருள் சிறந்தவளையும் நம்பி என்பது ஆடவருள் சிறந்தவனையும் குறித்த மதிப்புச் சொற்கள். நவராத்திரி தோறும் குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளும் மூன்று திருமேனிகளுள், வேளிமலைக் குமாரசுவாமி தங்குவது ஆரியசாலைக் கோவிலில். சுசீந்திரத்திலிருந்து வரும் அம்மையின் பெயர் முன்னுதித்த நங்கை. நாம் தெய்வத்திற்கு இட்ட சொல் அது. அதனை மனிதர்க்கு வழங்கத் தயங்குவதற்குக் காரணம் மொழியில் இல்லை.

கேரள அரசு 2015இல் இந்திய மாநிலங்களுள் முதலாவதாகத் திருநர்க்கான கொள்கையை வெளியிட்டது. 2018இல் பல்கலைக்கழகங்களிலும் இணைவு பெற்ற கலை, அறிவியல் கல்லூரிகளிலும் படிப்புதோறும் அவர்களுக்கு இரண்டு கூடுதல் இடங்களை ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2019இல் மதுரையில் நீதியரசர் ஜி. ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு, இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்றது. அதே தீர்ப்பு, ஊடுபால் பண்புகளோடு பிறக்கும் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ ஆக்கும் தேவையற்ற அறுவைச் சிகிச்சைக்குத் தடைவிதிக்கவும் வழிவகுத்தது. அளவைக்கு ஏற்ப நெல்லை நறுக்கும் வேலை அங்கே நின்றது.

ஆயினும் ஆவணம் முன்னேறும் வேகத்தில் தெரு முன்னேறுவதில்லை. 2017இல் கொச்சி மெட்ரோ 23 திருநரைப் பணியமர்த்தியபோது உலகம் பாராட்டியது. அடுத்த சில வாரங்களுக்குள்ளேயே அவர்களுள் சிலர் வேலையை விட்டனர். ஊதியத்திற்குள் தங்க இடம் கிடைக்கவில்லை. வீட்டு உரிமையாளர்கள் கதவைத் திறக்கவில்லை. வினைமுற்றில் பால் விகுதி இல்லாத மொழியைப் பேசும் நகரத்தில்தான் இது நடந்தது. ஆகவே இலக்கணம் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை. பயனிலையில் பால் இல்லாவிட்டாலும் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது.

இங்கே ஒப்புமைகளின் எல்லையையும் கூறிவிட வேண்டும். அளவை, உடை, ஊர்ப்பெயர் ஆகிய எதுவும் ஒரு திருநரின் அக வாழ்வுக்கு ஈடாகாது. ஊர்ப்பெயர் மாறுகையில் ஊருக்கு வலிப்பதில்லை. பெயர் மறுக்கப்படும் மனிதர்க்கு வலிக்கும். ஒப்புமை நம்மை வாசல்வரை அழைத்துச் செல்லும். உள்ளே இருப்பவரின் சொல்லைக் கேட்பதே அதன்பின் செய்யக்கூடியது. மேலும், ‘முதலில் எனக்குப் புரியவையுங்கள், பிறகு மதிக்கிறேன்’ என்னும் வரிசையே பிழையானது. இக்கடைத்தெருவில் வணிகம் அவ்வாறு நடந்ததில்லை. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்தவரின் பேச்சு முழுதும் விளங்குவதற்கு முன்பே அவர்க்கு இருக்கை தரப்பட்டது. மரியாதை முன்னே சென்றது. புரிதல் பழக்கத்தில் வந்தது.

தமிழ் இதற்கு ஒரு வழியை வைத்திருக்கிறது. ஒருவரை உயர்த்திக் கூறும்போது அவன், அவள் இரண்டும் நீங்கி ‘அவர்’ வருகிறது. வந்தான், வந்தாள் இரண்டும் நீங்கி ‘வந்தார்’ வருகிறது. ஒருமைக்குப் பன்மை வழங்குவது உயர்த்திக் கூறும் வழக்கு என்று தொல்காப்பியரே ஏற்றுக்கொண்டார். நம் மொழியில் மதிப்பு ஏறும்போது பால் மறைகிறது. ஆசிரியரைப் பற்றிப் பேசும்போது ஆணா பெண்ணா என்று வினைமுற்று கேட்பதில்லை. முன்பின் அறியாத ஒருவரைக் குறிக்க இதனினும் பாதுகாப்பான சொல் வேண்டியதில்லை.

ஆனால் ‘அவர்’ என்பதோடு நின்றுவிடவும் கூடாது. தம்மைப் பெண்ணென்று உணர்ந்த ஒரு திருநங்கைக்கு, தோழியின் வாயிலிருந்து வரும் ‘வந்தாள்’ என்னும் சொல்லே வாழ்நாள் ஏக்கமாக இருக்கலாம். அங்கே ‘வந்தார்’ என்பது மரியாதை போலத் தோன்றும் விலக்கமாகிவிடும். எந்த விகுதி வேண்டும் என்பதை அறிய ஒரே வழி, உரியவரைக் கேட்பது. எதை அவாவுகிறார் என்பதே விடை என்று நன்னூலார் வகுத்த இடமும் அதுதான்.

ஆய்வு மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இறுதியாக ஒன்று. கூடுதல் இரண்டு இடங்களில் ஒன்றில் சேர்ந்த மாணவர் முதல்நாள் வகுப்பிற்கு வருகிறார் என்று கொள்வோம். வருகைப்பதிவேட்டில் பழைய பெயர் இருக்கிறது. ஆசிரியர் அப்பெயரை உரக்க வாசிப்பதற்கும், தனியே அழைத்து ‘எந்தப் பெயரால் அழைக்கட்டும்?’ என்று வினவுவதற்கும் இடைப்பட்ட தொலைவில் அம்மாணவரின் பட்டப்படிப்பு தங்கியிருக்கிறது. கொள்கையும் தீர்ப்பும் அவரை வகுப்பறையின் வாயில்வரை கொண்டுவந்துவிட்டன. இனி வினைமுற்று நம்முடையது.